ஆசான் பயின்ற வரலாறு

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கின்றது. அம்மலையின் அடிவாரமாகிய திருப்பதியிலும், இருப்புப் பாதையில் பாகாலாவைக் கடந்து சென்றால் வரும் சித்தூரிலும், பிழைப்பின் நிமித்தம் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு ஆண்டுதோறும் எழும் கவலை ஒன்று உண்டு. நம் மக்கள் தெலுங்கைத் தடையின்றிப் பேசுகின்றனர். ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதுகின்றனர். வீட்டில் தமிழும் பேசுகின்றனர். ஆயினும் ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைத் தாமே படிக்க இயலாதவர் அவருள் பலர். இக்குறையைப் போக்க, திருப்பதி, ரேணிகுண்டா, பாகாலா, சித்தூர் எனச் சிதறிக் கிடக்கும் நம் சிறுவர்களை இணையத்தின் வழியே ஒன்றுகூட்டித் தமிழ் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் நம்மிடையே வலுத்து வருகின்றது. கருவி ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இருக்கின்றது. ஆனால் அக்கருவியின் முன் அமர்ந்து கற்பிக்கப் போகின்றவர் யார்? அவருக்கு அத்தொழிலைக் கற்பிக்கப் போகின்றவர் யார்? இவ்வினா இன்று பிறந்ததன்று. இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் சில அத்தியாயங்கள் நாம் வாழும் இந்நிலத்திலேயே நிகழ்ந்தவை. அவற்றைச் சுருக்கமாக எடுத்துக் காட்டுவதே நம் நோக்கம்.

ஆசிரியர்க்கும் இலக்கணம் உண்டு என்று கண்டது தமிழ். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், நல்லாசிரியர் இன்னார், ஆசிரியர் ஆகாதார் இன்னார் என்று பொதுப்பாயிரத்திலே வகுத்துரைக்கின்றது. ஆகாதாரைக் காட்ட அந்நூல் காட்டும் உவமைகளுள் இரண்டு இன்றும் பொருந்துவன. ஒன்று, கழற்சிக்காய் நிறைத்த குடம். ஒவ்வொன்றாக இட்ட காய்கள், கவிழ்த்தால் முறையின்றி ஒருங்கே கொட்டும். மற்றொன்று, பஞ்சு அடைத்த குண்டிகை. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் திரையில் பேசி முடிப்பவர் முதல்வகையினர். திரையைக் கண்டதும் நா எழாமல் தவிப்பவர் இரண்டாம் வகையினர். மாணவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, சினமின்றி, முகமலர்ந்து, விரும்பிக் கற்பிக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. எதிரே இருப்பவனின் முகம் தெரியாவிடத்து இதனைச் செய்வது எங்ஙனம் என்பதே பின்வந்த காலங்களின் சிக்கலாயிற்று.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் உபாத்தியாயர் ஒருவரே, பிள்ளைகளோ பலர். ஆகவே மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக அமர்த்தி, இளையோர்க்கு அவன் சொல்லிக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதும் வழக்கம். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், இத்தகைய பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அம்முறையைப் புகுத்த விழைந்தார். கீழ்வகுப்பு ஆசிரியர் அது நடவாது என்று மறுத்துவிட்டார். பெல் சோர்ந்திலர். ஜான் ஃபிரிஸ்கின் என்னும் சிறுவனுக்கு முறையைக் கற்பித்து, வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார், அது நடந்தது. பின்னர் விடுதி முழுவதும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கலாயினர். 1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இது ‘மதராஸ் முறை’ என்னும் பெயராலேயே பரவிற்று. நம் திண்ணைச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை இதுவே.

இம்முறையின் நன்மையும் குறையும் ஒருங்கே கருதத் தக்கவை. ஆசிரியர் ஒருவரின் குரலைப் பலரிடம் கொண்டு செல்லும் வழியை அது கண்டது, இது நன்மை. சட்டாம்பிள்ளை தான் மனப்பாடம் செய்ததற்கு மேல் அறியான், மாணவன் ‘ஏன்’ என்று வினவினால் விடை கூற மாட்டான், இது குறை. ஆகவே ஆசிரியத் தொழிலைத் தனியே பயிற்றுவிக்கும் பள்ளிகள் பிறந்தன. சென்னையில் 1856-இல் தொடங்கப்பெற்ற அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, பின்னாளில் சைதாப்பேட்டைக்கு மாறிப் பெருங்கல்லூரியாயிற்று. கற்றவர் யாவரும் கற்பிக்க வல்லவர் ஆகார் என்பதை ஆட்சியாளர் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

நிற்க. இருபதாம் நூற்றாண்டில் ஆசிரியரின் குரலைச் சுமக்கும் பொறுப்பை மின்கருவிகள் ஏற்றன. அவற்றுள் நம் நாட்டின் மாபெரும் சோதனை 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு நடந்தது. அமெரிக்கரின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் வழியே ஆந்திரம், கர்நாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. காலையில் பள்ளிச் சிறுவர்க்கென இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளில், மொழிக்கு 22½ நிமிடமாக நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

சிறுவர் நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். அதே செயற்கைக்கோள் ஆசிரியர்க்கும் ஆசானாக விளங்கியதை அறிந்தோர் சிலரே. தொடக்கப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களை விடுமுறைக் காலத்தில் கிராமத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூட்டி, பன்னிரண்டு நாள் பயிற்சி அளித்தனர். இரண்டு தடவையாக ஏறத்தாழ 48,000 ஆசிரியர் பயின்றனர். தொலைக்காட்சியை மட்டும் நம்பி இது நடத்தப்படவில்லை என்பதே ஈண்டு நாம் கருத வேண்டுவது. வானொலி நிகழ்ச்சி இருந்தது. அச்சிட்ட செயல்முறைக் கையேடு இருந்தது. ஒவ்வொரு மையத்திலும் முன்னரே பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் இருந்தார். பெட்டியில் கண்டதைக் கையால் செய்து பார்க்கவும், ஐயத்தைக் கூடியிருந்து விவாதிக்கவும் அவர் துணை நின்றார். மீண்டும் ஒரு சட்டாம்பிள்ளை! ஆனால் இம்முறை பயின்ற சட்டாம்பிள்ளை.

இதே காலத்தில் அஞ்சல் வழிக் கல்வியும் வளர்ந்து வந்தது. 1982-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற ஆந்திரப் பிரதேசத் திறந்த பல்கலைக்கழகமே இந்தியாவின் முதல் திறந்த பல்கலைக்கழகம். இன்று அது அம்பேத்கரின் பெயர் தாங்கி நிற்கின்றது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, 1985-இல் டில்லியில் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகத்திற்கும் முதல் துணைவேந்தரானார். வகுப்பில் பேசிப் பழகிய பேராசிரியர், வேலை முடிந்து இரவில் தனியே விளக்கடியில் அமரும் குமாஸ்தாவுக்குப் பாடம் எழுதுவது வேறு கலை என்பதை இந்நிறுவனங்கள் உணர்ந்தன. அச்சில் இருந்தும் எதிரே அமர்ந்து பேசுவதுபோல் எழுத வேண்டும். இடையிடையே வினா வேண்டும். விடைத்தாளைத் திருத்துங்கால் மதிப்பெண்ணோடு வழியும் காட்ட வேண்டும். இக்கலையைப் பயிற்றுவிக்கவே டில்லித் திறந்த பல்கலைக்கழகம் 1993-இல் தொலைநிலைக் கல்விப் பணியாளர் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் தனி நிறுவனம் ஒன்று கண்டது. அஞ்சலில் கற்றுப் பட்டம் பெற்றுப் பதவி உயர்ந்தவர் இரயில்வேயில் எத்தனையோ பேர். நன்கு எழுதப்பட்ட பாடத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இனி நம் நிலத்திற்கு வருவோம். சென்னை–கூடூர் இருப்புப் பாதையில் சூலூர்ப்பேட்டை நிலையத்தில் இறங்கினால், கிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. அங்கிருந்து 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே சமைக்கப்பட்ட ‘எடுசாட்’ என்னும் செயற்கைக்கோள் வானில் ஏறிற்று. எடை 1,950 கிலோ. கல்விப் பணி ஒன்றிற்கே இந்தியா அனுப்பிய முதற் கோள் அது. இச்செயற்கைக்கோளின் வழியே ஓரிடத்துப் பேராசிரியர் நூறிடத்து மாணவரோடு பேசலாம், அவர்கள் வினவலாம், அவர் விடை கூறலாம். ஏவியவர் தம் கடமையை இனிதே முடித்தனர்.

ஆயின் தரையில் நிகழ்ந்தது யாது? 2010-இல் அச்செயற்கைக்கோளின் பணி முடிந்தது. அதன் பயனை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் தலைவரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை, இணைப்பு நிலையங்களை அமைப்பதிலும், பாடங்களை ஆக்குவதிலும், நிர்வாகத்திலும் திட்டமிடல் குறைந்தது என்று காட்டிற்று. கோள் காத்திருந்தது, பாடம் வரவில்லை. சில இடங்களில் பாடம் வந்தது. வாங்கும் நிலையம் ஆயத்தமாயில்லை. விலைமதிப்பற்ற ஊர்தி ஒன்று, ஏற்றுவதற்குச் சரக்கின்றியும் இறக்குவதற்கு ஆளின்றியும் ஓடுவது போன்ற நிலை அது. சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டா.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் இதே வட்டாரம் தந்தது. மதனப்பள்ளிக்கு அருகே, 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ரிஷி பள்ளத்தாக்கில், ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளி இருக்கின்றது. அதனைச் சார்ந்த கல்வி வள மையத்தில், 1980-களின் பிற்பகுதி முதல் இராமா, பத்மநாப ராவ் தம்பதியர் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு ஏற்றதொரு முறையை வகுத்தனர். அச்சிற்றூர்ப் பள்ளிகளையும் துணைக்கோள் என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்கினர்! ஓர் ஆசிரியர்; ஐந்து வகுப்புப் பிள்ளைகள்; ஓர் அறை. இதுவே அங்குள்ள நிலை. பாடநூலைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தினர். அறிமுகம், பயிற்சி, சோதனை, தவறினால் மறுபயிற்சி என ஒவ்வொரு படிக்கும் அட்டை உண்டு. அட்டைக்கு ஓர் அடையாளப் படம் உண்டு. பிள்ளை தன் படியைத் தானே அறிந்து அட்டையை எடுத்துக்கொள்ளும். எவர்க்கு உதவி வேண்டுமோ அவரருகே ஆசிரியர் அமர்வார்.

இம்முறையில் அட்டையைவிட அரியது ஆசிரியர் பெற்ற பயிற்சியே. கரும்பலகையின் முன் நின்று உரத்துப் பேசிப் பழகியவர், தரையில் பிள்ளைகளோடு அமர்ந்து, குறைவாகப் பேசி, மிகுதியாகக் கவனிக்கக் கற்க வேண்டியிருந்தது. நடக்கும் வகுப்பைக் கண்டும், அட்டைகளைத் தாமே ஆக்கியும், தம் ஊரின் பாட்டையும் கதையையும் அவற்றில் சேர்த்தும் அவர்கள் பயின்றனர். எல்லைக்கு அப்பாலிருந்தும் ஆசிரியர் இதனைக் காண வந்தனர். சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் அந்நகரின் 13 பள்ளிகளில் இம்முறை தொடங்கிற்று. 2007–08 கல்வியாண்டில் ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரோடு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிலும் பரவிற்று. வானில் ஏறிய கோளைவிட, காகித அட்டை நெடுந்தொலைவு சென்றது. காரணம், அட்டைக்கு முன்னே பயின்ற ஆசிரியர் சென்றார்.

பின்னர் வந்தது 2020. கொள்ளைநோயால் மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. நேற்றுவரை சுண்ணக்கட்டி பிடித்த ஆசிரியர், ஒரே வாரத்தில் கைப்பேசியின் முன் அமரலானார். எதிரே இருப்பவை முகங்களா, வெறும் பெயர்களா என்பதே அவருக்கு விளங்கவில்லை. மத்திய அரசு 2019 ஆகஸ்டில் ‘நிஷ்டா’ என்னும் ஆசிரியப் பயிற்சித் திட்டத்தை நேர்முகமாகத் தொடங்கியிருந்தது. நாடெங்கும் 42 லட்சம் ஆசிரியரைப் பயிற்றுவிப்பது அதன் இலக்கு. நோய் வந்ததும் அதனை இணையவழிக்கு மாற்றினர். அம்மாற்றத்தின் முதற்படி நம் ஆந்திரத்திலேயே எடுத்து வைக்கப்பட்டது. 2020 ஜூலை 16 அன்று, இம்மாநிலத்தின் 1,200 முதன்மைப் பயிற்றுநர்க்கான முதல் இணையவழி நிஷ்டாப் பயிற்சி தொடங்கி வைக்கப்பட்டது. இவர்கள் இணையத்தில் பயின்று, பின்னர் இணையத்தின் வழியே மற்ற ஆசிரியர்க்குத் துணை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாண்டு அக்டோபரில் 18 பாடப்பகுதிகளோடு ‘தீக்‌ஷா’ தளத்தில் நாடெங்கும் அது விரிந்தது. முதலில் வழிகாட்டி, பின்னர் ஆசிரியர், அதன் பின்னரே மாணவர் என்ற 1975-இன் வரிசையை இங்கும் காண்கின்றோம்.

இத்துணை வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மை ஒன்றே. மணலாயினும், அஞ்சலாயினும், செயற்கைக்கோளாயினும், இணையமாயினும், கருவிக்கு முன் ஆசான் ஆயத்தமான இடத்தில் கல்வி சென்று சேர்ந்தது. கருவி முந்தி ஆசான் பிந்திய இடத்தில் கருவியே மிஞ்சிற்று.

ஆயத்தம் என்பது யாது? நம் இரயில்வேயே இதற்கு விடை கூறும். வண்டி ஓட்டக் கற்றுத் தேர்ந்த ஓட்டுநரையும், புதிய பாதையில் உடனே தனியே அனுப்புவதில்லை. அப்பாதையை அறிந்தவரோடு பன்முறை சென்று, எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே கைகாட்டி என்று பழகிய பின்னரே வண்டி அவர் பொறுப்பில் விடப்படும். இணையவழி ஆசிரியர்க்கும் இவ்வாறே பாதை பழக வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1963 முதல் வளர்ந்து, நம் பயிற்சிக் கல்லூரிகளிலும் வழங்கும் நுண்ணிலைக் கற்பித்தல் இதற்கு ஏற்ற வழி. பயில்பவர் ஐந்து அல்லது பத்து நிமிடம் மட்டும் ஒரு சிறு பாடம் நடத்துவார். நண்பர் சிலர் கண்டு குறை நிறை கூறுவர். அதே பாடத்தை அவர் திருத்தி மீண்டும் நடத்துவார். இன்று கைப்பேசியே பதிவு செய்துவிடுதலால், தம் குறையைத் தம் கண்ணாலேயே காணலாம்.

பாடத்தின் அளவும் கருதத் தக்கது. 2014-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ‘எடெக்ஸ்’ என்னும் இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை பாடப்படங்கள் பார்க்கப்பட்டதை அலசிற்று. படம் எத்துணை நீண்டதாயினும், மாணவர் ஊன்றிப் பார்ப்பது ஏறக்குறைய ஆறு நிமிடமே என்று அது கண்டது. கழற்சிக்காய்க் குடத்தைக் கவிழ்ப்பதால் பயனில்லை என்று பவணந்தியார் கூறியதை எண்ணிக்கை மெய்ப்பித்தது எனலாம். ஆகவே ஐந்து நிமிடம் சொல்லி, ஒரு வினா கேட்டு, பெயர் சொல்லி அழைத்து, எழுதச் செய்து, எழுதியதைத் திரையில் காட்டச் செய்து, பின்னர் அடுத்த பகுதிக்குச் செல்வதே முறை. முகம் தெரியாக் குறையை வினாவே போக்கும்.

கடல் கடந்த தமிழர்க்கென இவ்வழியில் முயன்ற முன்னோடியும் நமக்கு உண்டு. 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது. டில்லித் திறந்த பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த வா.செ. குழந்தைசாமி அதனை உருவாக்கி வழிநடத்தினார். மழலைக் கல்வி முதல் பட்டம் வரை அங்குப் பாடங்கள் உண்டு. அயல்நாட்டுத் தமிழர் வாழும் ஊர்களில் தொடர்பு மையங்களும் அமைந்தன. பாடம் சென்னையிலிருந்து வந்தாலும், பிள்ளையின் அருகே ஒருவர் வேண்டும் என்ற எண்ணமே அம்மையங்களை ஈன்றது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு நாம் விண்ணப்பிப்பது இதுவே. வகுப்பு தொடங்கும் நாளைக் குறிக்குமுன், கற்பிப்போரைக் குறிப்போம். நம் காலனியில் தமிழ் நன்கு பயின்ற தாய்மார் உள்ளனர். ஓய்வு பெற்ற பெரியோர் உள்ளனர். கருவியை எளிதில் கையாளும் இளைஞர் உள்ளனர். மூவரையும் ஒரு குழுவாகக் கூட்டி, இரண்டு திங்கள் அவர்களுக்கே வகுப்பு நடத்துவோம். வாரந்தோறும் ஒருவர் பத்து நிமிடப் பாடம் நடத்தட்டும். மற்றையோர் அன்போடு திருத்தட்டும். பாகாலாவிலும் ரேணிகுண்டாவிலும் சித்தூரிலும் பிள்ளைகளின் அருகே அமர ஒவ்வொரு வீட்டுத் தாயோ தமையனோ முன்வரட்டும். அட்டைகளை நாமே எழுதுவோம். அவற்றில் நம் ஏழுமலையும், சுவர்ணமுகி ஆறும், இரயில் நிலையப் பெயர்ப்பலகையும் இடம் பெறட்டும்.

1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலம் சேர்ந்ததும் வரலாற்றுச் செய்திகள். எல்லைகள் மாறும், மாற்றல் உத்தரவும் வரும். எவ்வூர் சென்றாலும் பிள்ளையோடு செல்லக் கூடியது, அவன் கற்ற எழுத்து. அதனை அவன் கையில் ஒப்படைக்க வல்ல ஆசான்களை இவ்வாண்டிலேயே ஆயத்தம் செய்யத் தொடங்குவோமாக.